திறந்தே இருந்த கோரிக்கை

காரியங்கள் முடிந்து உறவினர்கள் எல்லோரும் புறப்பட்டுப் போன மறுநாள் காலை, கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என் மனைவி எழுதிய கடைசிப் புல் ரிக்வெஸ்ட் அங்கே இருந்தது. அதன் அடியில், மாற்றங்கள் தேவை என்று நான் போட்ட சிவப்புக் குறி. மேலே பதினான்கு இடங்களில் நான் எழுதிய குறிப்புகள். ஒன்றுக்கும் பதில் இல்லை. பக்கத்தை மூடிவிட்டு எழுந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். திரும்பி வந்து மறுபடியும் திறந்தேன்.

அதன் பிறகு வந்த வாரங்களில் இதை எத்தனை முறை செய்தேன் என்று சொல்ல இயலாது. ஒரு நாற்காலியில் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. செய்தித்தாளின் முதல் பக்கத்தை வாசலில் படிப்பேன். இரண்டாம் பக்கத்தை மாடிப்படியில். மீதியைப் படிக்காமலே மடித்து வைத்துவிடுவேன். வெண்ணாற்றுப் பாலம் வரை நடந்து போவேன். ஆறு மணலாகக் கிடக்கும். பாலத்தின் நடுவில் நிற்கும்போது, வீட்டில் அந்தப் பக்கத்தில் ஏதோ மாறியிருக்கிறது என்று ஒரு நிச்சயம் உண்டாகும். வேகமாகத் திரும்பி வருவேன். எதுவும் மாறியிருக்காது.

புல் ரிக்வெஸ்ட் என்பதை அறியாதவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பலர் சேர்ந்து ஒரு கணினி நிரலை எழுதும்போது, யாரும் மூலத்தில் நேரடியாகக் கைவைப்பதில்லை. மூலத்திலிருந்து ஒரு கிளையைப் பிரித்துக்கொண்டு, அதில் தம் மாற்றத்தைச் செய்துவிட்டு, இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மற்றவர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் வரி வரியாகப் படித்து, ஏற்பார்கள் அல்லது திருத்தம் கேட்பார்கள். ஏற்ற பிறகுதான் கிளை மூலத்தோடு சேரும். என் மனைவி இதைச் சுருக்கமாகக் கோரிக்கை என்பாள். எங்கள் குழுவில் எல்லோருக்கும் அந்தச் சொல்லே பழகிவிட்டது.

நாங்கள் ஆறு பேர். யாருக்கும் இது தொழில் இல்லை. கல்லணையில் தண்ணீர் திறந்தால், வெண்ணாறு வழியாக நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்புக்கு வந்து, அங்கே பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கிக் கடைமடைக்கு எந்த நாள் எந்த நேரத்தில் போய்ச் சேரும் என்று கணக்கிடும் ஒரு நிரல். அது கணக்கிட்டதை விவசாயிகளின் கைபேசிக்குச் செய்தியாக அனுப்பும். நான் ஓய்வுபெறும்வரை பொறியியல் கல்லூரியில் நீரியல் கற்பித்தவன்; அடிப்படைச் சூத்திரங்களை எழுதியது நான். என் மனைவி மகளிர் கல்லூரியில் கணிதப் பேராசிரியையாக இருந்தவள். அறுபது வயதுக்கு மேல் நிரல் எழுதப் பழகி, இரண்டே வருடத்தில் என்னை விடச் சுத்தமாக எழுதினாள். குழுவின் பொறுப்பாளர், வேதாரண்யத்துக்கு அருகில் ஒரு கடைமடைக் கிராமத்திலிருந்து வேலை செய்யும் மென்பொருள் பொறியாளர். முப்பத்தைந்து வயதுப் பெண்மணி. அவருடைய தாத்தா பாட்டி அந்த ஊரில் கூலிக்கு நடவு நட்டவர்கள். அவருடைய அப்பா இப்போது அதே வயல்களில் மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார். இந்த நிரல் வேண்டும் என்று முதலில் நினைத்ததே பொறுப்பாளர்தான்; என் மனைவியை அம்மா என்று அழைப்பார்.

எங்கள் வீட்டில் ஒரு விதி இருந்தது. விதித்தவள் என் மனைவி. கோரிக்கைகளைப் பற்றி வீட்டில் வாய்திறந்து பேசக்கூடாது. எதுவானாலும் அந்தக் கோரிக்கையின் பக்கத்திலேயே எழுத வேண்டும். முதல் வருடத்தில் சாப்பாட்டு மேசையில் நாங்கள் விவாதித்து, ரசம் ஆறி, அவள் சரி என்று சொல்லி, நான் அன்று மாலையே அவளுடைய மாற்றத்தை ஏற்றுக்கொண்டது ஒருமுறை நடந்தது. இரண்டு மாதம் கழித்துப் பொறுப்பாளர் அந்த வரி ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டார். எங்கள் இருவருக்குமே காரணம் மறந்துவிட்டிருந்தது. அன்று அவள் சொன்னாள்:

“நாம ரெண்டு பேரும் இங்கே உட்கார்ந்து முடிவு பண்ணிட்டா, மூணாவது ஆளு காரணத்தை எங்கே போய்ப் படிப்பாங்க? நம்ம வீட்டு ரசத்துலயா?”

நியாயமான பேச்சு. இருவரும் கடைப்பிடித்தோம். அவள் தன் அறையில் தட்டச்சு செய்யும் ஓசை எனக்குக் கேட்கும். சற்று நேரத்தில் என் கணினியில் அவள் எழுதியது வந்து நிற்கும். என்னை அங்கே அவள் ஆய்வாளர் அவர்கள் என்றுதான் விளிப்பாள். பிறகு காப்பி கொடுக்க வருவாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டோம். குழுவில் இருந்த மற்றவர்களுக்கு நாங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது சில சமயம் மறந்துவிடும் என்று பொறுப்பாளர் ஒருமுறை எழுதினார்.

அவளுடைய கடைசிக் கோரிக்கை, கோடைக்குப் பிறகு முதன்முதலாகத் திறக்கப்படும் தண்ணீரைப் பற்றியது. முந்தைய ஆண்டு எங்கள் நிரல் மோசமாகத் தவறியிருந்தது. வியாழக்கிழமை வரும் என்று செய்தி போன தண்ணீர் ஞாயிற்றுக்கிழமைதான் கடைமடைக்கு வந்தது. செய்தியை நம்பிப் பொறுப்பாளரின் அப்பா விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டிவிட்டார். முளைத்த விதை காத்திருக்காது. மூட்டைகளில் சூடேறி வீணாயிற்று. ஊரில் இன்னும் பலருக்கும் அப்படியே. அப்போது நான் குழுவில் எழுதினேன்: சூத்திரம் சரியாகவே இருக்கிறது, மேலே உள்ள ஊர்க்காரர்கள் யாரேனும் வாய்க்காலை அடைத்திருக்க வேண்டும். நான் எழுதியது கிராமம் வரை போயிற்று. கடைமடைக்காரர்கள் சிலர் இரண்டு ஊர் தள்ளியிருந்த மதகுக்குப் போய்ச் சண்டையிட்டார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

என் மனைவி அந்த வாதத்தை ஏற்கவில்லை. மாதக்கணக்கில் வெயிலில் வெடித்துக் கிடந்த வாய்க்கால், வரும் தண்ணீரின் பெரும்பகுதியை முதலில் தானே குடித்துவிடுகிறது. எத்தனை நாள் காய்ந்து கிடந்தது என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அவளுடைய கோரிக்கை. கருத்தில் பிழையில்லை. ஆனால் அவள் ஓர் அட்டவணையைச் சேர்த்திருந்தாள்: இத்தனை நாள் காய்ந்தால் இவ்வளவு தாமதம் என்று, வாய்க்காலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று எங்கும் எழுதவில்லை. நான் பதினான்கு இடங்களில், சற்றே வெவ்வேறு சொற்களில், ஒரே கேள்வியைக் கேட்டேன்: இதற்கு ஆதாரம் என்ன? ஆதாரம் தராதவரை ஏற்க இயலாது என்று முடித்துச் சிவப்புக் குறியைப் போட்டேன்.

பதினோரு நாட்கள் பதில் வரவில்லை. அவள் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டில் அதற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. பேச வேண்டியவற்றை எல்லாம் பேசினோம். நடுவில் ஒரு நாள், என் ஒன்றுவிட்ட தம்பியின் அறுபதாம் கல்யாணத்துக்காக இருவரும் காரில் திருக்கடையூர் போனோம். திரும்பி வரும் வழியில், மயிலாடுதுறை தாண்டிய பிறகு, அவள் சன்னல் பக்கமிருந்து திரும்பி, “ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட,” என்றாள்.

“கோரிக்கை விஷயமா?” என்றேன்.

“ஆமாம்.”

“அப்ப எழுது.”

அவள் சிரித்தாள். மறுபடி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது கேலிச் சிரிப்பா, விட்டுக்கொடுக்கும் சிரிப்பா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஐந்து நாள் கழித்து, காலையில் காய்கறி வண்டிக்காரரிடம் பேசிவிட்டு உள்ளே வந்தவள், மூச்சு வாங்குகிறது என்று சொல்லி உட்கார்ந்தாள். மருத்துவமனையை அடைவதற்குள் முடிந்துவிட்டது.

வைகாசி பிறந்ததும் பொறுப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். அதற்கு முன் பலமுறை அழைத்திருக்கிறார். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அன்று கேட்டது வேறு. தண்ணீர் திறக்க மூன்று வாரம்தான் இருக்கிறது. அவருடைய அப்பா இந்த ஆண்டும் செய்தியை நம்பித்தான் விதையை ஊறவைக்கப் போகிறார். வேண்டாம் என்று மகள் சொல்லியும் கேட்கவில்லை. என் மனைவியின் மாற்றம் சேராமல் பழைய நிரலே ஓடினால், போன ஆண்டு நடந்தது மறுபடி நடக்கும். அதைச் சேர்ப்பதற்குத் தடையாக இருப்பது என் குறி ஒன்றுதான்.

நான் சொன்னேன்: அந்தக் குறியைத் தள்ளிவைக்கும் அதிகாரம் பொறுப்பாளருக்கு உண்டு, தாராளமாகச் செய்யுங்கள், எனக்கு வருத்தமில்லை.

“அதிகாரம் இருக்கு சார். அழுத்த மாட்டேன்,” என்றார். “குறி போட்டவங்கதான் எடுக்கணும்னு நாமளே வச்சுக்கிட்டது. அம்மாவோட வேலையை ஆய்வாளரைத் தாண்டிப் பின்வாசல் வழியா உள்ளே கொண்டு வந்தா, அவங்களுக்கே பிடிக்காது.”

ஆதாரம் இல்லாமல் என்னால் எடுக்க முடியாது என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதே அது என் காதுக்கு எப்படி ஒலித்தது என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. அவர் கேட்டார்:

“அவங்க லேப்டாப்பைப் பார்த்தீங்களா சார்?”

பார்க்கவில்லை என்றேன்.

“பாருங்க. இல்லன்னா நான் பஸ் ஏறி வந்து பார்ப்பேன். எங்கப்பாவையும் கூட்டிக்கிட்டு வருவேன். அவரு வந்தா அம்மா கணக்கைப் பார்க்க மாட்டாரு, உங்க கணக்கைத்தான் பார்ப்பாரு.”

அவளுடைய கணினி அவள் அறையில், அவள் மூடிவைத்த இடத்தில், மின்கம்பி செருகியபடியே இருந்தது. அதைத் திறப்பதற்கு எனக்கு மூன்று நாளாயிற்று. முதல் நாள் அறையைப் பெருக்கினேன். இரண்டாம் நாள் கணினியைத் துடைத்து வைத்துவிட்டுப் பேருந்து ஏறிக் கும்பகோணம் வரை காரணமின்றிப் போய்வந்தேன். மூன்றாம் நாள் பிற்பகல் திறந்தேன். கடவுச்சொல் எனக்குத் தெரிந்ததுதான். எங்கள் இருவருக்கும் ஒன்றே. உலாவியில் அந்தக் கோரிக்கையின் பக்கம் திறந்தே இருந்தது. என் பதினான்கு குறிப்புகளின் கீழும் பதில்கள் இருந்தன.

என் கணினியில் இல்லாத பதில்கள் அவள் கணினியில் எப்படி இருந்தன என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொரு பதிலின் மூலையிலும் சிறிய மஞ்சள் சீட்டு ஒன்றைக் கண்டேன். நிலுவையில் உள்ளது என்று அதற்குப் பொருள். கோரிக்கைகளை வைக்கும் இந்த இணையத் தளத்தில் பதிலை எழுத இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில், எழுதியதும் அது உடனே போய்விடும். மற்றொன்றில், எழுதியவை எல்லாம் சேர்ந்துகொண்டே இருக்கும். கடைசியில் மேலே சென்று, ஒப்படைக்கிறேன் என்ற பொத்தானை அழுத்தினால்தான் மற்றவர் கண்ணுக்குத் தெரியும். அதுவரை எழுதியவரின் திரையில் மட்டும், எல்லோருக்கும் தெரிவது போலவே காட்சியளிக்கும். புதிதாகப் பழகுபவர்கள் செய்யும் பிழை இது, பழகியவர்களும் செய்வதுண்டு. எழுதியவர் தாம் பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக் காத்திருப்பார். கேட்டவர் பதில் வரவில்லையே என்று காத்திருப்பார். சாதாரணமாக ஒருவர் மற்றவரிடம், என்ன ஆயிற்று என்று கேட்டுவிடுவார். எங்கள் வீட்டில் கேட்பதற்கில்லை.

பதில்களைப் படித்தேன். எண்கள் அவளுடைய பழைய மாணவிகளிடமிருந்து வந்தவை. வெண்ணாற்றிலிருந்து கடைமடை வரை வழிநெடுக இருபது பேருக்கு மேல் இருந்தார்கள்: பள்ளி ஆசிரியைகள், அஞ்சலகத்தில் வேலை செய்பவர், வீட்டில் இருப்பவர்கள், ஊராட்சி உறுப்பினர் ஒருவர். ஏழு ஆண்டுகளாக, கோடைக்குப் பின் முதல் தண்ணீர் தங்கள் ஊர்ப் பாலத்தைத் தொடும் நேரத்தை அவர்கள் அவளுக்குச் செய்தியாக அனுப்பியிருக்கிறார்கள். அவள் ஒவ்வொன்றையும் தேதி, மணி, அனுப்பியவரின் ஊர் என்று குறித்து ஒரு கோப்பில் வைத்திருந்தாள். அவள் கைபேசிக்கு ஆனி மாதங்களில் வரும் செய்திகளைப் பார்த்துவிட்டு, மாணவிகள் நலம் விசாரிக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நான்காவது பதிலில் இப்படி எழுதியிருந்தாள்:

“ஆய்வாளர் அவர்கள் கல்லூரியை விட்டு வந்து ஒன்பது வருடம் ஆகிறது, சிவப்பு மையை விடவில்லை. தொலைபேசியில் கேட்ட எண்ணை ஆதாரம் என்று ஏற்கமாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் பாலத்தில் நின்று பார்த்தவர்கள் இவர்கள். கோப்பை இணைத்திருக்கிறேன். ஒன்றிரண்டு எண்ணைச் சரிபார்த்துவிட்டு மறுபடி கோபியுங்கள்.”

ஆறு குறிப்புகளில் என் ஆட்சேபத்தை ஏற்றிருந்தாள். ஏழில் காரணம் சொல்லி மறுத்திருந்தாள். பதினான்காவது பதில் வேறு விதமாக இருந்தது. அது என் குறிப்புக்கு உரிய பதிலே இல்லை.

“காய்ந்த நாட்களைச் சேர்த்த பிறகும் கடைமடைக்கு மட்டும் ஒன்றரை நாள் இடிக்கிறது. மேலே எங்கும் இடிக்கவில்லை. அதனால் உங்கள் பழைய பகுதியைத் திறந்து பார்த்தேன். நாற்பத்தொன்றாம் வரி. வாய்க்கால் பதினொரு பகுதி. உங்கள் சுற்று பத்தோடு நின்றுவிடுகிறது. கடைசிப் பகுதி கணக்கில் வரவே இல்லை. இதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதலாமா என்று யோசிக்கிறேன். நேரில் சொன்னால் விதி மீறல்.”

அதோடு முடிந்திருந்தது.

நாற்பத்தொன்றாம் வரியைத் திறந்தேன். கணினி, எண்ணும்போது ஒன்றில் தொடங்காது, பூஜ்யத்தில் தொடங்கும். பதினொரு பகுதிகள் என்றால் பூஜ்யம் முதல் பத்து வரை. நான் பத்துக்கு முன்னால் நிறுத்தச் சொல்லியிருந்தேன்; ஒன்பது வரை, பத்துப் பகுதி மட்டுமே கணக்கில் வந்தது. முதலாண்டு மாணவன் எழுதியிருந்தால் சுழித்துத் திருப்பித் தந்திருப்பேன். விடுபட்ட கடைசிப் பகுதி, வாய்க்கால் மிகத் தட்டையாக, தண்ணீர் மிக மெதுவாக நகரும் இடம். பொறுப்பாளருடைய கிராமம் இருக்கும் இடம். தண்ணீரை அடைத்தவர்கள் மேலூர்க்காரர்கள் இல்லை.

இந்தப் பிழையை ஒப்புக்கொள்வது எனக்குக் கடினமாக இருக்கவில்லை. என்னை அலைக்கழித்தது அடுத்த கேள்வி. அவள் பொத்தானை அழுத்த மறந்தாளா, அல்லது அந்தக் கடைசிப் பதிலுக்காக அழுத்தாமல் வைத்திருந்தாளா? முந்தைய கோரிக்கைகளை எல்லாம் திறந்து பார்த்தேன். ஒருமுறையும் அவள் மறந்ததில்லை. அப்படியானால் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறாள். ஆனால் முதல் பதின்மூன்று பதில்களையும் என் குறிப்புகள் வந்த மூன்றே நாளில் எழுதியிருக்கிறாள், அவற்றையாவது அனுப்பியிருக்கலாமே. அப்படியானால் மறந்திருக்கிறாள். கடைசிப் பதிலை எழுதிய தேதி, நாங்கள் திருக்கடையூரிலிருந்து திரும்பியதற்கு மறுநாள். அந்தத் தேதியைப் பார்த்த பிறகு நான் மேற்கொண்டு தேடவில்லை. வெளியே போய், வெண்ணாற்றுப் பாலத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் சைக்கிளில் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அவளுடைய கணினியில் அந்தப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் பதினான்கு பதில்களும் அந்தக் கணமே எல்லோருக்கும் போகும். என் நிபந்தனை நிறைவேறிவிடும். ஆனால் ஐந்து பேருடைய மின்னஞ்சலிலும் அவள் பெயர் வந்து நிற்கும், இன்றைய தேதியோடு. அதை விடவும் ஒன்று: அனுப்பலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த ஒன்றை, அவள் பெயரில் நான் அனுப்பியதாகும். இரண்டு நாள் அந்த அறைக்குள் போவதும் வருவதுமாக இருந்தேன். அழுத்தவில்லை.

என் கணினிக்கு வந்து, என் பெயரில், மூலத்திலிருந்து புதிதாக ஒரு கிளை பிரித்தேன். நாற்பத்தொன்றாம் வரியில் ஓர் எண்ணை மாற்றினேன். கோரிக்கையில் காரணத்தை எழுதினேன்: கடைசிப் பகுதி தொடக்கத்திலிருந்தே கணக்கில் சேரவில்லை, பிழை என்னுடையது, கண்டுபிடித்தவள் என் மனைவி, சென்ற ஆண்டு மேலூர்க்காரர்களைப் பற்றி நான் எழுதியது தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன். பொறுப்பாளர் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டார். ஏற்பார் என்று எதிர்பார்த்தேன். திருத்தம் கேட்டிருந்தார். பதினொரு பகுதியும் எண்ணப்படுகிறதா என்று நிரலே தன்னைச் சோதித்துக்கொள்ளும்படி ஒரு சோதனையும் எழுதித் தர வேண்டும்; இல்லாவிட்டால் நாளைக்கு வேறொருவர் இதே பிழையைச் செய்வார். என் கோரிக்கையின் மேல் சிவப்புக் குறி நின்றது. எழுதித் தந்தேன். அதன் பிறகு ஏற்றார்.

அடுத்து அவளுடைய கோரிக்கை. அவள் கோப்பிலிருந்த எண்களில் மூன்றை எடுத்து, அனுப்பிய மாணவிகளைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவள் சொன்னபடியே சரிபார்த்தேன் என்று எழுதினால் பொருந்தும். உண்மையில் அன்று ஒரே ஒருவரிடம்தான் கேட்டு முடித்தேன். நீடாமங்கலத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் அவர், தண்ணீர் பாலத்தைத் தொட்ட நேரத்தைத் தம் நாட்குறிப்பைப் புரட்டி நிமிடம் பிசகாமல் சொல்லிவிட்டு, “இந்த வருஷம் யாருக்கு அனுப்பணும் சார்?” என்று கேட்டார். தொலைபேசியை வைத்துவிட்டேன். மற்ற இருவரை மறுநாள் அழைத்தேன்.

பதில்களைப் படியெடுத்து, இவை என் மனைவியின் கணினியில் ஒப்படைக்கப்படாமல் இருந்தவை என்று மேலே குறிப்பு எழுதி, என் பெயரில் இட்டேன். பதினான்காவதையும் முழுவதாக, அது நின்ற இடம் வரை. மதியம் மூன்று மணியளவில் என் சிவப்புக் குறியை எடுத்துவிட்டு, ஏற்கிறேன் என்பதை அழுத்தினேன். அவ்வளவு நாள் அலைந்த அலைச்சலுக்கு, விரலின் வேலை மிகச் சிறிதாக இருந்தது. மாலைக்குள் பொறுப்பாளர் கிளையை மூலத்தோடு சேர்த்துவிட்டார். அவள் செய்த சிறு சிறு மாற்றங்களை எல்லாம் ஒன்றாக அமுக்கி ஒரே பதிவாகச் சேர்ப்பது வழக்கம். இம்முறை அப்படிச் செய்யாமல், ஒவ்வொன்றையும் அவள் வைத்த தலைப்போடு தனித்தனியாகச் சேர்த்திருந்தார்.

தண்ணீர் திறந்தார்கள். நிரல் கணக்கிட்டுச் செய்தி அனுப்பியது: அந்தக் கடைமடை மதகுக்கு ஒன்பதாம் நாள் காலை பத்து மணி. பழைய கணக்கு காட்டியிருக்கக்கூடியதை விட மூன்று நாள் பின்னால். பொறுப்பாளரின் அப்பா அதற்கேற்ப விதையை ஊறவைத்துவிட்டார் என்று தகவல் வந்தது. அதைக் கேட்ட பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தினமும் பாலத்துக்குப் போனேன். வெண்ணாற்றில் தண்ணீர் வந்து போய்க்கொண்டிருந்தது. என் பிழை இருந்தது அங்கே இல்லை. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் பேருந்து ஏறினேன். மன்னார்குடியில் மாறி, திருத்துறைப்பூண்டியில் மாறி, பத்தடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது அந்த ஊர் நிறுத்தத்தில் இறங்கினேன். பொறுப்பாளர் வண்டியோடு நின்றிருந்தார். நான் வருவதாக அவரிடம் சொல்லவில்லை. முந்தின நாள் அவருடைய அப்பா, “அந்த வாத்தியாரு வராம இருக்க மாட்டாரு, போய் நில்லு,” என்று சொல்லியிருந்தாராம்.

மதகடியில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வாய்க்கால் அடிமண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. யாரும் என்னைப் பார்க்கவில்லை. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். பொறுப்பாளரின் அப்பா எனக்குக் குடிக்க மோர் கொடுத்தார். அவரிடம், போன ஆண்டுப் பிழை என்னுடையது என்று சொன்னேன். மகள் சொன்னாள் என்றார். கரைமேல் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து கேட்டார், விதை இன்னும் எத்தனை நேரம் தாங்கும் என்று. பொறுப்பாளரின் அப்பா வடக்கே வாய்க்கால் திரும்பும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கரையில் முப்பது தப்படி போவதும் திரும்புவதுமாக இருந்தேன்.

ஒன்றேகால் மணிக்குத் தண்ணீர் வந்தது. முதலில் ஓசைகூட இல்லை. நுரையும் வைக்கோல் சருகும் இரண்டு பிளாஸ்டிக் குவளைகளும் தாமாக நகர்ந்து வருவது போல இருந்தது. பிறகுதான் அவற்றைத் தள்ளிக்கொண்டு வரும் பழுப்பு நீர் தெரிந்தது. ஒவ்வொரு வெடிப்பாக நிரப்பி, சற்று நின்று, மேலே வந்தது.

“போன வருஷம் மூணு நாளு. இந்த வருஷம் மூணு மணி நேரம்,” என்றார் பொறுப்பாளரின் அப்பா. “அடுத்த வருஷம், தண்ணி வர்றதுக்கு முன்னாடியே வந்துருச்சுன்னு அனுப்பிடுவீங்க போலிருக்கே.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மதகுப் பலகையைத் தூக்குவதற்கு இறங்கினார்.

மூன்றேகால் மணி நேரம் பிழைதான். கைபேசியை எடுத்து, அவளுடைய அட்டவணையில் கடைசிப் பகுதிக்கு உரிய வரியில், ஊரையும் மணியையும் குறித்து, அங்கேயே நின்று ஒரு கோரிக்கையை உருவாக்கினேன். ஆய்வுக்கு யாரைக் கேட்கிறீர்கள் என்று தளம் கேட்டது. கேட்டுவிட்டுத் தானே ஒரு பெயரை முன்மொழிந்தது. அது என் மனைவியின் பெயர்.

தோளுக்குப் பின்னாலிருந்து பொறுப்பாளர் அதைப் பார்த்துவிட்டார்.

“அந்த வரிகளைக் கடைசியா தொட்டவங்க பேரை அது தானாக் காட்டும் சார்,” என்றார். பிறகு, “எடுத்துடவா?” என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். அந்தப் பெயரைச் சிறிது நேரம் பார்த்தேன். அதன் கீழே பொறுப்பாளரின் பெயரைத் தேடித் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். அவர் கையிலிருந்த கைபேசி அதிர்ந்தது. அவர் அதை உடனே திறக்கவில்லை. அப்பாவுக்குக் கைகொடுக்க வாய்க்காலில் இறங்கினார். பலகை இறுகிக் கிடந்தது. இருவரும் சேர்ந்து அசைத்துக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாளர் கரையேறி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நான் எழுதியதைப் படிக்கும்வரை நின்ற இடத்திலேயே நின்றேன்.